திரும்பி வரும் சுருதி

மிதக்கும் பிரிட்ஜ் பூட்டிய எலெக்ட்ரிக் கிட்டாரை முதல்முறை ட்யூன் செய்பவருக்கு ஒரு புதிர் காத்திருக்கிறது. தடித்த ஆறாவது கம்பியில் தொடங்கி ஒவ்வொன்றாக முடுக்கி, மெல்லிய முதல் கம்பி வரை வருவார். ஒவ்வொரு கம்பிக்கும் ட்யூனரில் பச்சை விளக்கு எரியும். வேலை முடிந்தது என்று ஆறாவது கம்பியை மறுபடி மீட்டினால், அது நன்றாகவே இறங்கிப் போயிருக்கும். அதை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்கும். இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று போகப்போகத்தான் தவறு குறைந்து, கடைசியில் எல்லாம் ஒரு நிலைக்கு வரும்.

கிட்டாரில் பழுது எதுவும் இல்லை. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் அசையாத சாதாரண கிட்டாரில் ஆறு கம்பிகளும் தனித்தனிக் குடித்தனம். மிதக்கும் பிரிட்ஜில் அவை கூட்டுக் குடும்பம். ஒரு கம்பியின் இழுவிசை கூடினால் பிரிட்ஜ் அந்தப் பக்கம் சாயும். பிரிட்ஜ் சாய்ந்தால் மற்ற ஐந்தும் தளரும்.

இந்தப் பிரிட்ஜை அமைப்பதில் எத்தனையோ திருகுகள் இருந்தாலும் கேள்விகள் இரண்டுதான். பிரிட்ஜ் எங்கே நிற்க வேண்டும்? அசைத்துவிட்டால் அதே இடத்துக்குத் திரும்பி வருமா? முதல் கேள்வி விசைகளின் சமநிலையைப் பற்றியது. இரண்டாவது உராய்வைப் பற்றியது. இவற்றைக் குழப்பிக்கொள்பவர்கள்தான், கழுத்தின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டில் இருக்கும் கோளாறுக்கு, பிரிட்ஜின் ஸ்பிரிங்கை முடுக்கிக்கொண்டு மாதக்கணக்கில் அவதிப்படுகிறார்கள்.

சுருதியை இறக்கும் மூன்று தலைமுறைகள்

கம்பியின் அதிர்வெண் மூன்றைப் பொறுத்தது: நீளம், ஒரு மீட்டருக்கு உள்ள எடை, இழுவிசை. விரலால் ஃப்ரெட்டில் அழுத்தும்போது நீளத்தை மாற்றுகிறோம். ஆறு கம்பிகளின் தடிமனும் வேறுவேறாக இருப்பது எடைக்காக. மிச்சமிருப்பது இழுவிசை. வாசிக்கும்போதே எல்லாக் கம்பிகளின் இழுவிசையையும் ஒரு கைப்பிடியால் கூட்டிக் குறைக்க முடிந்தால், சுருதி வளைந்து இறங்கும், நடுங்கும், அலைபாயும்.

1930களிலேயே இதற்குக் கருவி செய்தவர் அமெரிக்காவின் டாக் காஃப்மன். பின்னர் பால் பிக்ஸ்பி செய்த உருளைவகைக் கருவி பெரும்புகழ் பெற்றது. இந்த முதல் தலைமுறைக் கருவிகள் கம்பியின் வால்முனையை மட்டுமே அசைத்தன. கம்பி பிரிட்ஜின் மேல் உரசிக்கொண்டு முன்னும் பின்னும் போய்வர வேண்டும், மறுமுனையில் நட்டின் பள்ளத்திலும் உரச வேண்டும். இரண்டு இடங்களிலும் அது சிக்கிக்கொள்ளலாம்.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் ரேடியோ பழுதுபார்த்து வந்த லியோ ஃபெண்டர், 1945இல் இதே காஃப்மனோடு கூட்டுச் சேர்ந்து சிறிதாகத் தொழில் நடத்தியவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் வாசிப்பவர்கள் சொல்லும் குறையைக் காதுகொடுத்துக் கேட்பார். 1954இல் வெளிவந்த அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டரில் வால்முனையும் பிரிட்ஜும் ஒரே உறுப்பாக ஒன்றாகவே அசைந்தன. கம்பி உட்காரும் சேடில்களும் கூடவே நகர்வதால், அங்கே உரசல் ஏறக்குறைய இல்லாமல் போனது. 1956இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

மூன்றாம் தலைமுறை ஃப்ளாய்ட் ரோஸ். நகை செய்யும் தொழிலில் இருந்த இந்த இளைஞர், தம் பட்டறைக் கருவிகளைக் கொண்டே பித்தளையில் ஒரு நட் செய்தார். கம்பியை அது இறுக்கிப் பூட்டிவிடும். பூட்டிய இடத்தில் கம்பி நகராது, நகராத இடத்தில் உராய்வுக்கும் வேலையில்லை. அவருடைய காப்புரிமை 1979இல் வந்தது. எடி வான் ஹேலன் போன்றவர்கள் கையில் அது 1980களின் ராக் இசைக்கே அடையாளமானது.

கம்பி உரசும் இடங்களை ஒவ்வொன்றாக ஒழித்த வரலாறு இது. வீட்டில் உட்கார்ந்து நாம் செய்யப்போகும் அமைப்பு வேலையும் கடைசியில் அதுவேதான்.

பிரிட்ஜ் என்னும் தராசு

ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிரிட்ஜின் உலோகத் தகடு, கிட்டாரின் மேற்பரப்பில் ஆறு திருகுகளை ஒட்டி நிற்கிறது. திருகைத் தொடும் விளிம்பு சரிவாகச் சீவப்பட்டிருக்கும். பழைய தராசில் கோலைத் தாங்கும் கத்திமுனை செய்யும் வேலையை இந்த விளிம்பு செய்கிறது. அதை அச்சாகக் கொண்டு தகடு முன்னும் பின்னும் சாயலாம். தகட்டின் அடியில் கனமான இரும்புக் கட்டை ஒன்று கிட்டாரின் உடலைத் துளைத்துப் பின்பக்கம்வரை இறங்குகிறது. அதன் கீழ்முனையில் ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும். ஸ்பிரிங்குகளின் மறுமுனையைப் பிடித்திருக்கும் தகட்டுக்கு க்ளா என்று பெயர். இரண்டு நீண்ட திருகுகள் அதை மரத்தோடு பிணைத்திருக்கும்.

இப்போது தராசின் இரு தட்டுகளையும் எடை போடலாம். 0.010 முதல் 0.046 அங்குலம் வரையுள்ள வழக்கமான கம்பித் தொகுப்பை, 648 மி.மீ. நீளத்தில் வழக்கமான சுருதிக்கு ஏற்றினால் ஒவ்வொரு கம்பியும் 7 முதல் 9 கிலோ வரை இழுக்கும். ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 47 கிலோ. இவ்வளவும் பிரிட்ஜை முன்பக்கம் கவிழ்க்கப் பார்க்கிறது. ஆனால் இந்த இழுவை அச்சுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. மேலேதான் செயல்படுகிறது. ஸ்பிரிங்குகளோ அச்சுக்கு ஏறத்தாழ 4 செ.மீ. கீழே கட்டையைப் பிடித்து இழுக்கின்றன. நெம்புகோலில் விசையை மட்டும் பார்த்தால் போதாது, விசையையும் தூரத்தையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 47 கிலோவை ஈடுகட்ட 12 கிலோ ஸ்பிரிங் விசை போதும். மூன்று ஸ்பிரிங் என்றால் தலைக்கு 4 கிலோ.

அந்த 4 கிலோ எப்படி வருகிறது? ஸ்பிரிங்கை எவ்வளவு நீட்டுகிறோமோ அந்த அளவுக்கு அது திருப்பி இழுக்கும். ராபர்ட் ஹூக் கண்டுபிடித்த விதி இது. யாராவது தமக்குமுன் உரிமை கொண்டாடிவிடுவார்களோ என்ற பயத்தில், 1676இல் அதை எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக வெளியிட்டு, 1678இல்தான் விடையைச் சொன்னார் அவர். பின்பக்கத்தில் ஐந்து ஸ்பிரிங் வரை மாட்ட இடமிருக்கும். மூன்று மாட்டினால் ஒவ்வொன்றையும் அதிகம் நீட்ட வேண்டும், ஐந்து மாட்டினால் குறைவாக நீட்டினால் போதும். மொத்த விசை இரண்டிலும் ஒன்றுதான், ஏனென்றால் கம்பிகள் கேட்பது 12 கிலோதான். மாறுவது கையில் தெரியும் விறைப்பு. ஐந்து ஸ்பிரிங்கில் கைப்பிடி சற்று முரண்டு பிடிக்கும். விரலால் ஒரு கம்பியை வளைக்கும்போது பிரிட்ஜ் சாய்வதும் அதற்கேற்பக் குறையும்.

கம்பித் தொகுப்பை மாற்றினால் சமநிலை ஏன் குலைகிறது என்பதும் இங்கேயே விளங்கிவிடும். 0.009 அங்குலத்தில் தொடங்கும் மெல்லிய தொகுப்பின் மொத்த இழுவை ஏறத்தாழ 39 கிலோ. அதைக் கழற்றிவிட்டு 47 கிலோத் தொகுப்பைப் போட்டால் தராசின் ஒரு தட்டில் 8 கிலோ கூடிவிட்டது. பிரிட்ஜ் முன்னால் குனிந்து நிற்கும். அதனால் அமைப்பு வேலையைத் தொடங்கும்முன் எந்தத் தொகுப்பு என்று முடிவு செய்துவிட வேண்டும், பிறகு மாற்றக் கூடாது.

இரும்புக் கட்டை ஏன் அத்தனை கனம்? ஸ்பிரிங்கைப் பிடிக்க மெல்லிய தகடே போதுமே. ஆனால் எளிதில் ஆடும் பிரிட்ஜ் கம்பியின் அதிர்வைத் தானே விழுங்கிவிடும், ஒலி மெலிந்து சீக்கிரம் அடங்கிவிடும். கனமான கட்டைக்கு நிலைமம் அதிகம். கை மெதுவாக அழுத்தினால் அது நகரும். நொடிக்கு 82 முறை அதிரும் தடித்த கம்பியோ, 330 முறை அதிரும் மெல்லிய கம்பியோ ஆட்டினால் அசைந்துகொடுக்காது.

எங்கே நிறுத்துவது

நிறுத்துவதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. தகட்டை மரத்தோடு ஒட்டி உட்கார வைக்கலாம். சுருதியை இறக்க மட்டும் முடியும், ஏற்ற முடியாது. பதிலுக்கு நிம்மதி கிடைக்கும்: ஒரு கம்பியை வளைத்தால் மற்றவை இறங்கா, ஒன்று அறுந்தாலும் மற்றவை தப்பிக்கும். விசைகளைச் சமநிலைக்குக் கொண்டுவந்த பிறகு க்ளா திருகுகள் இரண்டையும் அரைச் சுற்று முதல் ஒரு சுற்று வரை கூடுதலாக முடுக்கினால் இந்த நிலை வரும். இரண்டாவது வழி கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் செய்தது. கட்டைக்கும் மரத்துக்கும் இடையே ஒரு மரத்துண்டைச் செருகி, பிரிட்ஜை அசையவே விடாமல் பூட்டிவிட்டார்.

மூன்றாவது வழி மிதக்க விடுவது. ஆறு திருகு கொண்ட பழைய பாணிப் பிரிட்ஜுக்கு, தகட்டின் பின்விளிம்பு மரத்திலிருந்து 3.2 மி.மீ. உயர்ந்து நிற்க வேண்டும் என்பது ஃபெண்டர் நிறுவனத்தின் அளவு. இரண்டே தாங்குபுள்ளிகள் கொண்ட புதிய பாணிக்கு ஏறத்தாழ 2.3 மி.மீ.

இந்த இடைவெளியைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, ட்யூன் செய்து, க்ளாவை முடுக்கி, மறுபடி ட்யூன் செய்து என்று சுற்றிச் சுற்றி வரலாம். இயற்பியல் தெரிந்தவருக்குக் குறுக்குவழி உண்டு. முதலில் க்ளா திருகுகளை வேண்டுமென்றே அதிகமாக முடுக்குங்கள். ஸ்பிரிங்குகளின் கை ஓங்கி, தகடு மரத்தோடு படிந்துவிடும். தகட்டின் பின்விளிம்பை லேசாக உயர்த்தி அடியில் 3.2 மி.மீ. தடிமனுள்ள எதையாவது செருகுங்கள். ஏடிஎம் கார்டு ஒன்றின் தடிமன் 0.76 மி.மீ., காலாவதியான நான்கு கார்டுகள் சேர்ந்தால் 3 மி.மீ.க்குச் சற்று மேல். அது போதும். இப்போது பிரிட்ஜ் அசையாது, அதனால் ஆறு கம்பிகளையும் ஒரே சுற்றில் ட்யூன் செய்துவிடலாம். அதன்பின் க்ளா திருகுகளைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் தளர்த்திக்கொண்டே வாருங்கள். கார்டுகள் இறுக்கம் விட்டு வழுக்கிக்கொண்டு வெளியே வரும் கணத்தில் தராசின் இரு தட்டுகளும் சமம். பிரிட்ஜ் நகரவில்லை என்பதால் சுருதியும் மாறியிருக்காது.

ஜி கம்பியின் குணம்

மிதக்கும் பிரிட்ஜின் கைப்பிடியை அழுத்தினால் ஆறு கம்பிகளும் ஏறத்தாழ ஒரே தூரம் தளர்கின்றன. ஆனால் எல்லாம் ஒரே அளவு சுருதி இறங்குவதில்லை. மூன்றாவதான ஜி கம்பி தலைகுப்புற விழும், முதல் கம்பி சற்றே இறங்கும். ஏன்?

எஃகுக் கம்பியைச் சுருதிக்கு ஏற்றும்போது அது நீள்கிறது. எவ்வளவு என்பதைக் கணக்கிட எஃகின் மீள்தன்மையும் கம்பியின் தடிமனும் போதும். 0.010 அங்குல முதல் கம்பியை 7.4 கிலோ இழுவை ஏறத்தாழ 4.6 மி.மீ. நீட்டுகிறது. 0.017 அங்குல ஜி கம்பியின் இழுவையும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆனால் அதன் குறுக்குவெட்டு மூன்று மடங்கு பெரிது என்பதால் அது 1.6 மி.மீ.தான் நீள்கிறது. இப்போது இரண்டையும் 1 மி.மீ. தளர்த்துங்கள். முதல் கம்பி தன் நீட்சியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இழந்து, இரண்டு அரைச்சுரம் இறங்கும். ஜி கம்பி அறுபது சதவீதத்துக்கு மேல் இழந்து, எட்டு அரைச்சுரத்துக்கும் கீழே போய்விடும்.

அமைப்பு வேலையில் இந்தக் கணக்கு நேரடியாக உதவுகிறது. கைப்பிடியை முழுதும் மேலே இழுத்து, தகட்டின் பின்விளிம்பு மரத்தைத் தொடும்போது முதல் கம்பி ஓர் அரைச்சுரமும், இரண்டாவதான பி கம்பி இரண்டும், ஜி கம்பி மூன்றும் ஏறும்படி மிதப்பை வைப்பது அமெரிக்கக் கிட்டார் கலைஞர் கார்ல் வெர்ஹேயன் விளக்கும் முறை. மேற்சொன்ன தொகுப்பின் தடிமன்களுக்குக் கணக்குப் போட்டால் மூன்றின் மாற்றமும் 1, 1.8, 2.8 என்ற விகிதத்தில் வருகிறது. காதால் கண்ட ஒழுங்கும் எஃகின் மீள்தன்மையும் ஏறக்குறைய ஒரே எண்களைச் சொல்கின்றன. இத்தனைக்கும் கம்பி நகரும் தூரம் 0.6 மி.மீ. அளவுதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகினாலும் முதலில் காட்டிக்கொடுப்பது ஜி கம்பிதான். அதனால் பிரிட்ஜின் உடல்நிலையை அறிய அதன் நாடியைப் பிடித்துப் பார்த்தாலே போதும்.

திரும்பி வராத கம்பி

சமநிலையை எவ்வளவு துல்லியமாக வைத்தாலும், கைப்பிடியை ஒருமுறை ஆட்டிவிட்டால் சுருதி கலைந்துவிடுகிறது என்பதுதான் பலருடைய புகார். இங்கே குற்றவாளி ஸ்பிரிங் அல்ல, உராய்வு.

நட் இருக்கும் இடத்தில் கம்பி வளைந்து தலைப்பக்கம் போகிறது. வளைவைச் சுற்றிப் போகும் கயிற்றின் இரு பக்கமும் இழுவிசை எவ்வளவு வேறுபடலாம் என்பதற்கு ஆய்லர் 18ஆம் நூற்றாண்டில் வாய்பாடு தந்தார். உராய்வுக் கெழு 0.2, வளைவு 10 பாகை என்று வைத்துக்கொள்வோம். கம்பி வழுக்கத் தொடங்கும்முன் இரு பக்கமும் 3.5 சதவீதம் வரை வேறுபடலாம் என்று வருகிறது. சிறிய எண்போலத் தெரிந்தாலும், சுருதியில் அது 30 சென்ட். அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. நல்ல காது ஐந்தாறு சென்ட் பிசகையே கண்டுபிடித்துவிடும்.

என்ன நடக்கிறது என்று மெதுவாகப் பார்ப்போம். கைப்பிடியை அழுத்துகிறோம். வாசிக்கும் பகுதி தளர்கிறது, தலைப்பக்கத்துச் சிறுபகுதியில் இழுவிசை அப்படியே இருக்கிறது. அது கம்பியைத் துளி தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. கைப்பிடியை விடுகிறோம். இழுத்துக்கொண்ட துளி திரும்பி வர வேண்டும், ஆனால் நட்டின் பள்ளம் அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. வாசிக்கும் பகுதியில் கம்பி கொஞ்சம் குறைந்ததால் சுருதி ஏறி நிற்கிறது. விரலால் கம்பியை வளைத்துவிட்டால் இதற்கு நேர் எதிர். தலைப்பக்கத்திலிருந்து துளி உள்ளே வந்து மாட்டிக்கொள்ளும், சுருதி இறங்கி நிற்கும்.

எனவே சுருதி எந்தத் திசையில் கலைகிறது என்பதே நோயைச் சொல்லிவிடும். அழுத்திவிட்டபின் ஒன்றிரண்டு கம்பிகள் மட்டும் ஏறியிருந்தால், அந்தக் கம்பிகளின் நட் பள்ளத்தைச் சந்தேகியுங்கள். தலைப்பக்கம் கம்பியை அழுத்திப் பிடிக்கும் சிறு கொக்கியும் குற்றவாளியாக இருக்கலாம். ஆறும் ஒரே திசையில் பிசகியிருந்தால் கத்திமுனை மழுங்கியிருக்கும், அல்லது ஆறு திருகுகளில் ஏதோ ஒன்று தகட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். ஓரத்து இரண்டு திருகுகள் மட்டும் தாங்க, நடுவில் உள்ள நான்கையும் துளி உயர்த்தி வைப்பது பழுதுபார்ப்பவர்கள் பலரின் வழக்கம். அறுவரில் நால்வர் ஒதுங்கிக்கொண்டால் உரசல் அந்த அளவுக்குக் குறையும். பின்னாளைய கிட்டார்களில் தாங்குபுள்ளிகள் இரண்டாகக் குறைந்ததும் இதே காரணத்தால்தான்.

மருந்து மலிவானது. பள்ளம் கம்பியைக் கவ்வாத அகலத்தில், வழவழப்பாக இருக்க வேண்டும். மெத்தென்ற பென்சிலின் கருமையை அதில் தேய்த்துவிடலாம். அந்தக் கிராஃபைட்டில் கார்பன் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று எளிதில் வழுக்கும். ட்யூனர் முளையில் கம்பியை இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் சுற்றாதீர்கள், ஒவ்வொரு சுற்றும் தளர்ந்து இறுகும் இன்னோர் இடம். புதுக்கம்பியைப் போட்டதும் கையால் இழுத்து இழுத்து அந்தச் சுற்றுகளைப் படிய வைத்துவிட வேண்டும். 1989இல் வந்த தம் இசைத்தொகுப்பில் ஒரு முழு மெட்டையும் பெரும்பாலும் இந்தக் கைப்பிடியாலேயே வாசித்துக் காட்டிய ஜெஃப் பெக், கம்பிக்குக் கீழே உருளைகள் சுழலும் நட்டைப் பயன்படுத்தியவர்.

அப்படியானால் எல்லோரும் ஃப்ளாய்ட் ரோஸுக்கு மாறிவிடலாமே? அங்கே உராய்வு போய்விடும், ஆனால் தராசு போகாது. ஒரு கம்பி அறுந்தால் ஒரு தட்டிலிருந்து ஏழெட்டுக் கிலோ காணாமல் போகிறது. ஸ்பிரிங்குகள் வென்று, மிச்சமுள்ள ஐந்து கம்பிகளும் சேர்ந்து சுருதி ஏறிவிடும். இரண்டு கேள்விகள் என்று முதலில் பிரித்தோமே, பூட்டு நட் தீர்ப்பது இரண்டாவதை மட்டும்தான்.

வேலையின் வரிசை

கம்பித் தொகுப்பை முடிவு செய்வது முதல் வேலை, மிதப்பை அமைப்பது இரண்டாவது. அதன்பிறகே கழுத்தின் வளைவு, கம்பியின் உயரம், கடைசியாக இன்டொனேஷன், அதாவது ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக அமைவது. மிதப்பு மாறினால் சேடிலின் உயரமும் இடமும் மாறும், எனவே வரிசையைத் தலைகீழாக்கினால் செய்த வேலையையே மறுபடி செய்ய வேண்டியிருக்கும். உயரத்துக்கு, பதினேழாவது ஃப்ரெட்டின் மேல் கம்பியின் அடிப்பகுதிவரை 1.6 மி.மீ. நல்ல தொடக்கம். இன்டொனேஷனுக்குப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டும் ஒலியையும், அங்கேயே தொட்டு மீட்டும் ஹார்மோனிக்கையும் ஒப்பிடுங்கள். அழுத்தும்போது கம்பி நீண்டு இழுவிசை கூடுவதால் சுருதி துளி ஏறும். ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கு நகர்த்துங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்கு.

எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு சோதனை. ஜி கம்பியைச் சரியாக ட்யூன் செய்து, கைப்பிடியை நன்றாக அழுத்தி, மெதுவாக விட்டு, ட்யூனர் காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மேலே இழுத்து, விட்டு, மறுபடி குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கிட்டாரில் எஞ்சியிருக்கும் உராய்வின் அளவு. ஐந்து சென்ட்டுக்குள் இருந்தால் பின்மூடியை மாட்டிவிட்டு வாசிக்கத் தொடங்கலாம். இருபது, முப்பது என்று காட்டினால் ஸ்பிரிங் திருகுகளைத் தொட வேண்டாம். பென்சிலை எடுத்துக்கொண்டு நட் பக்கம் போங்கள்.